பட்டதாரிகளுள் யார் சமூகத் தொழில்முனைவோர்? இரண்டு ஆளுமைச் சோதனைகள் பற்றிய மதிப்புரை

கல்லூரிகளில் இறுதியாண்டு தொடங்கிவிட்டால் வேலைவாய்ப்புப் பிரிவின் மேசையில் விளம்பரத் தாள்கள் குவியத் தொடங்கிவிடும். நேர்காணல் பயிற்சி, ஆங்கிலப் பேச்சு, குழு விவாதம் என்ற வழக்கமான வரிசையில் இப்போது ஆளுமைச் சோதனையும் சேர்ந்துகொண்டிருக்கிறது. மாணவர்களுள் யார் நிறுவன வேலைக்கு உகந்தவர், யார் சொந்தத் தொழில் தொடங்குவார், யார் சமூகச் சிக்கல் ஒன்றைத் தீர்க்கவே தொழில் நடத்தும் சமூகத் தொழில்முனைவோர் ஆவார் என்பதை அறிவியல் முறையில் பிரித்துக் காட்டுவதாக அத்தகைய சேவை ஒன்று வாக்களித்தது. கல்லூரியும் பணம் கட்டி வாங்கியது. மேலாண்மைத் துறையில் பாடம் நடத்தி, எம்.பி.ஏ. மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களை மேற்பார்வையிடும் நான், அதே மாணவர்களை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஐபிஐபி-நியோ என்ற சோதனையையும் எழுதச் சொன்னேன். இரண்டின் அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படித்த பிறகு எழுதும் மதிப்புரை இது. கட்டணச் சேவையின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அதே வார்ப்பில் உருவான சேவைகள் சந்தையில் பல இருப்பதால், ஒன்றைப் பெயர் சொல்லி மற்றவற்றைத் தப்பவிடுவதில் பயன் இல்லை.

இலவசச் சோதனையிலிருந்து தொடங்குகிறேன். ஆளுமையை அளக்கும் கேள்விகள் நிறுவனங்களின் காப்புரிமைக்குள் அடைபட்டுக் கிடக்கக் கூடாது என்ற எண்ணத்தோடு, அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் கோல்ட்பெர்க் பொதுவுடைமையாகத் திரட்டிய கேள்வித் தொகுப்பே ஐபிஐபி. அதில் இன்று 3,000-க்கும் மேற்பட்ட கூற்றுகள் உள்ளன. யாரிடமும் அனுமதி கேட்காமல், யாருக்கும் பணம் தராமல் அவற்றை எவரும் பயன்படுத்தலாம். அந்தத் தொகுப்பிலிருந்து கோல்ட்பெர்க் உருவாக்கிய, 300 கூற்றுகள் கொண்ட நீண்ட சோதனையை இணையத்தில் ஏற்றியவரும், 120 கூற்றுகள் கொண்ட குறுஞ்சோதனையை உருவாக்கியவரும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் ஜான்சன். எங்கள் மாணவர்கள் எழுதியது குறுஞ்சோதனை. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு கூற்றும் தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை, மிகத் தவறு என்பதில் தொடங்கி மிகச் சரி என்பது வரையிலான ஐந்து படிகளுள் ஒன்றைத் தேர்ந்து குறிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அறிக்கை ஐந்து பெரும் பண்புகளைப் பற்றிப் பேசுகிறது: புதிய அனுபவங்களுக்குத் திறந்திருத்தல், பொறுப்புணர்வு, வெளிநோக்கு (பிறரோடு கலகலப்பாகப் பழகும் இயல்பு), இணக்கம், மனக்கலக்கம் (எளிதில் கவலையும் கோபமும் கொள்ளும் இயல்பு). இந்த ஐந்தோடு நின்றிருந்தால் வார இதழ்களில் வரும் ஆளுமைக் கட்டங்களுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருந்திருக்காது. ஒவ்வொரு பண்பையும் ஆறு உட்கூறுகளாகப் பிரித்து, ஒவ்வோர் உட்கூறுக்கும் நான்கு கூற்றுகள் வீதம் ஒதுக்கி, மொத்தம் முப்பது அளவுகளைத் தருவதுதான் இதன் உண்மையான பலம். ‘இணக்கம்’ என்ற ஒரே தலைப்புக்குள் பிறரை நம்புதல், நேர்மை, பிறருக்கு உதவும் மனம், சச்சரவைத் தவிர்த்து விட்டுக்கொடுத்தல், அடக்கம், பரிவு ஆகிய ஆறும் தனித்தனியாக அளக்கப்படுகின்றன. இந்தப் பிரிப்பு ஏன் முக்கியம் என்பதைப் பின்னர் சொல்கிறேன். இந்த மதிப்புரையில் நான் சொல்ல வந்ததே ஏறத்தாழ அதுதான்.

அறிக்கையின் தொனியும் எனக்குப் பிடித்தது. மதிப்பெண்கள் ஒருவரின் வயதையும் பாலினத்தையும் ஒத்தவர்களோடு ஒப்பிட்டே தரப்படுகின்றன என்பதையும், கீழே உள்ள முப்பது விழுக்காட்டினர் ‘குறைவு’, நடுவிலுள்ள நாற்பது விழுக்காட்டினர் ‘சராசரி’, மேலே உள்ள முப்பது விழுக்காட்டினர் ‘அதிகம்’ என்று தோராயமாக வகுக்கப்படுகிறார்கள் என்பதையும் அது முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறது. குறைந்த மதிப்பெண் குற்றமல்ல, உயர்ந்த மதிப்பெண் பெருமையுமல்ல என்றும், அறிக்கையில் உள்ளது தம் இயல்புக்குப் பொருந்தவில்லை என்று தோன்றினால் தம்மை நன்கு அறிந்தவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றும் அது சொல்கிறது. தன் எல்லையைத் தானே சொல்லும் பண்டத்தைச் சந்தையில் அதிகம் பார்க்க முடிவதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. கூற்றுகள் அமெரிக்க வாழ்க்கையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை என்பது சில இடங்களில் பளிச்சென்று தெரிகிறது. அரசியலில் தாராளவாத வேட்பாளருக்கு வாக்களிப்பவரா, பழைமைவாத வேட்பாளருக்கு வாக்களிப்பவரா என்று இரண்டு கூற்றுகள் கேட்கின்றன. தமிழ்நாட்டில் இதுவரை ஒரே ஒரு தேர்தலில் வாக்களித்திருக்கும் இருபத்தோரு வயது இளைஞர் நம் கட்சிகளுள் எதை எந்தப் பக்கத்தில் வைப்பார்? பெரும்பாலோர் நடுப்படியைக் குறித்துவிட்டு அடுத்த கூற்றுக்குப் போய்விட்டார்கள். பெரிய விருந்துகளை விரும்புகிறேன் என்ற கூற்றைப் படித்ததும் ஒரு மாணவருக்கு நினைவுக்கு வந்தது ஊர்க் கல்யாணப் பந்தி. இத்தகைய கூற்றுகள் விழும் உட்கூறுகளின் மதிப்பெண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தே படிக்க வேண்டும். இணையத்தில் இந்தச் சோதனையை எழுதிய ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விடைகளை ஜான்சன் ஆய்வாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார் என்பது பாராட்டத்தக்கது. ஆனால் அவர்களுள் பெரும்பான்மையோர் அமெரிக்கர்கள். ஆகவே ‘அதிகம்’, ‘குறைவு’ என்ற சொற்களை நம் ஊர்ச் சராசரியோடு ஒப்பிட்டவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி, பணம் கொடுத்து வாங்கிய சேவை. மாணவர் ஒருவருக்குச் சில நூறு ரூபாய்க் கட்டணம். வழவழப்பான வண்ண அறிக்கை, கல்லூரி முத்திரையோடு சான்றிதழ், வேலைவாய்ப்பு அலுவலருக்குத் தனியாக ஒரு தொகுப்புப் பட்டியல். கேள்விகள் எந்த அளவுகோலைச் சார்ந்தவை, ஒரே ஆள் இரண்டு முறை எழுதினால் விடை எவ்வளவு ஒத்துவரும், ஒப்பிடப்படும் கூட்டம் எது என்ற அடிப்படை விவரங்கள் அறிக்கையில் எங்கும் இல்லை. எழுதிக் கேட்டபோது, அவை நிறுவனத்தின் தொழில் இரகசியம் என்று பதில் வந்தது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், சமூகத் தொழில்முனைவுக்கு இவர் இத்தனை விழுக்காடு பொருத்தமானவர் என்று ஒரே ஓர் எண்ணும், அதன் கீழே பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற நிறங்களுள் ஒன்றும் இருக்கும். மாணவர்கள் மற்ற பக்கங்களைப் புரட்டாமல் நேரே இந்தப் பக்கத்துக்குத்தான் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இந்த நிறங்களால் என்ன நேர்ந்தது என்பதற்கு ஒரு மாணவியின் கதை போதும். வகுப்பில் அதிகம் பேசாதவர். அவருடைய அம்மா உறுப்பினராக உள்ள மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கைப் பள்ளி நாள்களிலிருந்தே இவர்தான் எழுதி வருகிறார். குழுவின் தீர்மானப் புத்தகம், உறுப்பினர்வாரியாகச் சேமிப்பும் கடனும், தவணை தவறியவர்களின் பட்டியல், வங்கியில் நடப்பு நிலுவை எல்லாம் அவர் விரல் நுனியில் இருந்தன. ஒரு முறை வங்கி வட்டியைத் தவறாகக் கணக்கிட்டதைக் கண்டுபிடித்து, பாஸ்புக்கோடு போய் மேலாளர் முன் உட்கார்ந்து, அது திருத்தப்பட்ட பிறகே எழுந்து வந்தவர். கட்டணச் சேவை அவருக்குத் தந்த நிறம் சிவப்பு. காரணமாகச் சொல்லப்பட்டது வெளிநோக்குக் குறைவு, தலைமைப் பண்புக் குறைவு. இலவசச் சோதனையிலும் அவருடைய வெளிநோக்கு மொத்தத்தில் குறைவுதான். ஆனால் உட்கூறுகளைப் பார்த்தால் கூட்டத்தை விரும்புதலும் சிலிர்ப்பு நாட்டமும் அடிமட்டத்தில் கிடக்க, தன் கருத்தை வலியுறுத்தல் சராசரியில் நிற்கிறது. பொறுப்புணர்வின் கீழே வரும் ஒழுங்கும் கடமையுணர்வும் தன்கட்டுப்பாடும் மேல்மட்டத்தில் உள்ளன. ஒரே பெண்ணைப் பற்றி இரண்டு அறிக்கைகள். ஒன்று அவரைத் தள்ளிவிட்டது, மற்றொன்று வங்கி மேலாளர் முன் உட்கார்ந்தவரை அடையாளம் காட்டியது.

கட்டணச் சேவையின் கோளாறு அதன் அச்சுத் தரத்திலோ கணினி நிரலிலோ இல்லை. தொழில்முனைவோர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்ற முன்முடிவில் இருக்கிறது. ஆய்வுகள் சொல்வதோ அதைவிடச் சிக்கலானது. தொழில்முனைவோரையும் மேலாளர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து ஜாவோ, சீபர்ட் என்னும் இருவர் 2006 இல் வெளியிட்ட கட்டுரையில், தொழில்முனைவோரிடம் பொறுப்புணர்வும் புதியவற்றுக்குத் திறந்திருத்தலும் கூடுதலாகவும், மனக்கலக்கமும் இணக்கமும் குறைவாகவும் காணப்பட்டன. வெளிநோக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது வாய்ச்சாமர்த்தியம் உள்ளவரே தொழில் தொடங்குவார் என்ற நம்பிக்கைக்கு வணிகத் தொழில்முனைவிலேயே வலுவான சான்று கிடைக்கவில்லை. மறுபுறம், மலேசியாவில் மாணவர்களிடம் நடத்தி 2010 இல் வெளியான ஆய்வில், சமூகத் தொழில்முனைவின் எல்லாக் கூறுகளோடும் நேர்த் தொடர்பு காட்டிய பண்பு இணக்கம். சமூக நோக்கு, புதுமை, வருவாய் ஆகியவற்றோடு தொடர்பு காட்டியது புதியவற்றுக்குத் திறந்திருத்தல். வணிகத் தொழில்முனைவோரிடம் குறைந்து காணப்படும் இணக்கம், சமூகத் தொழில்முனைவை நாடும் மாணவரிடம் கூடிக் காணப்படுகிறது. இந்த முரணை உணராமல் இருவருக்கும் ஒரே அளவுகோலை வைக்கும் சேவை, ஏதேனும் ஒரு பக்கத்தில் தவறத்தான் செய்யும்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலேசிய ஆய்வு அளந்தது, தொடங்க வேண்டும் என்ற மாணவர்களின் விருப்பத்தை. தொடங்கி நடத்திக் காட்டியவர்களை அல்ல. பிறர் துன்பம் கண்டு இளகும் மனம் உள்ளவர் சமூகத் தொழிலை விரும்புவார் என்பதில் வியப்பு எதுவும் இல்லை. தம் இயல்பைப் பற்றியும் தம் விருப்பத்தைப் பற்றியும் ஒரே படிவத்தில் ஒரே ஆள் விடை எழுதும்போது, நல்லவராகத் தோன்றும் ஆசை இரண்டு விடைகளையும் ஒரே திசையில் தள்ளும் வாய்ப்பும் உண்டு. என் மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களிலும் இதையே ஆண்டுதோறும் பார்க்கிறேன். கூகுள் படிவத்தில் ‘சமூகத்துக்குப் பயன்படும் தொழில் தொடங்க விரும்புகிறேன்’ என்பதற்கு முழு உடன்பாடு தெரிவித்தவர்கள், அடுத்த வாரமே தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வளாக நேர்காணலில் வரிசையில் நிற்பார்கள். அது தவறில்லை, வீட்டுக் கல்விக் கடன் அப்படி. ஆனால் அந்த உடன்பாட்டை வைத்து ஒருவருக்குப் பச்சை நிறம் தருவது பிழை.

நடத்துவதற்கு வேண்டிய குணம் வேறு என்பதை நம் கண் முன்னாலேயே பார்த்திருக்கிறோம். கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தம் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். மலிவு விலையில் மாதவிடாய் அணையாடை செய்யும் இயந்திரத்தை அவர் வடிவமைத்த காலத்தில் மனைவி பிரிந்து சென்றார். ஊரார் ஒதுக்கி வைத்தனர். அவர் அணையாடையைத் தாமே விற்றுப் பெருநிறுவனம் ஆகாமல், இயந்திரத்தை மகளிர் குழுக்களுக்கு விற்று அவர்களையே உற்பத்தியாளர்கள் ஆக்கினார். 2016 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருக்கு யாரும் ஆளுமைச் சோதனை வைக்கவில்லை. நானும் அவருக்கு மதிப்பெண் போட வரவில்லை. ஆனால் எல்லோரும் தம்மை நல்லவர் என்று சொல்ல வேண்டும் என்று ஏங்கும் ஒருவரால் அந்த ஆண்டுகளைக் கடந்திருக்க முடியாது என்பதற்குச் சோதனை தேவையில்லை. முன்னே சொன்ன ஆறு உட்கூறுகளின் அருமை இங்கேதான் தெரிகிறது. பரிவு மிகுந்திருக்க வேண்டும். விட்டுக்கொடுத்தல் சற்றுக் குறைந்திருப்பது நல்லது. இரண்டையும் கூட்டி ‘இணக்கம் சராசரி’ என்று எழுதிவிட்டால், வேண்டிய ஆள் கண்ணிலிருந்து மறைந்துபோவார். இது என் கணிப்புதான், நிறுவப்பட்ட முடிவு அல்ல. ஆயினும் சோதனை எழுதும் மாணவர்களை முதலில் இந்த இரண்டு வரிகளைப் பார்க்கச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கதை இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில், 1976 இல் பதினொரு படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் வளைந்துபோன விரல்களோடு அறுவைச் சிகிச்சை செய்தவர் அவர். கட்டணம் செலுத்தும் நோயாளிகளிடமிருந்து வரும் வருவாயைக் கொண்டு, செலுத்த இயலாதவர்களுக்கும் அதே தரத்தில் சிகிச்சை என்பது அங்கே நடைமுறை. கண்ணுக்குள் பொருத்தும் வில்லையை இறக்குமதி விலையில் வாங்கினால் அந்தக் கணக்கு தாங்காது என்பதால் 1992 இல் ஆரோலேப் என்ற உற்பத்தி நிலையமே எழுந்தது. வெங்கடசாமி தனி ஆளாக இதைச் செய்யவில்லை. தங்கை நாச்சியார் உள்ளிட்ட மருத்துவர்கள் அறுவை அரங்கில் நின்றார்கள். தம்பி சீனிவாசன் கட்டடத்தையும் நிதியையும் கவனித்தார். வாசலில் வரும் நோயாளியைப் பார்த்து இளகும் மனமும், ஒரு வில்லைக்கு எவ்வளவு அடக்க விலை என்று காசு காசாகப் பார்க்கும் மனமும் ஒரே உடலுக்குள் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே நிறுவனத்துக்குள் இருந்தால் போதும். தனி மனிதருக்கு நிறம் பூசும் அறிக்கையால் இதைச் சொல்லவே முடியாது. முப்பது உட்கூறுகளைத் தரும் அறிக்கை இரண்டு மூன்று பேருடையதைச் சேர்த்து வைத்துப் படித்தால் ஓரளவு சொல்லிவிடும். எங்கள் மாணவர்கள் திட்டக் குழு அமைக்கும்போது அப்படித்தான் பயன்படுத்தினார்கள். ஒழுங்கு மிகுந்தவர் கணக்கை எடுத்துக்கொண்டார், அறிமுகமில்லாதவரிடம் தயங்காமல் பேசுபவர் கள நேர்காணலுக்குப் போனார். இந்தச் சோதனையால் கிடைத்த உருப்படியான பயன் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆளுமையை விட்டால் வேறு எதைப் பார்ப்பது என்று கேட்கலாம். சமூகத் தொழில்முனைவு நாட்டத்தைப் பற்றி 2017 இல் வெளியான காய் ஹாக்கர்ட்ஸின் ஆய்வு, சமூக அமைப்புகளோடு முன்பே பழகிய அனுபவத்துக்கு முக்கிய இடம் தருகிறது. அந்த அனுபவம் ‘என்னால் ஏதாவது செய்ய முடியும்’ என்ற தன்திறன் நம்பிக்கையையும் பிறர் துணை நிற்பார்கள் என்ற எதிர்பார்ப்பையும் வளர்த்து, அவற்றின் வழியாக விருப்பத்தைத் தூண்டுகிறது. நம் கல்லூரிகளில் இதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது: நாட்டு நலப்பணித் திட்டம். ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் தொண்டு, கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். அந்த முகாமைச் சுவரொட்டி எழுதவும் கோயில் வளாகம் கூட்டவும் மட்டும் பயன்படுத்துகிறோமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். பட்டம் பெற்ற பிறகு என்றால், பாரத ஸ்டேட் வங்கியின் அறக்கட்டளை நடத்தும் ‘யூத் ஃபார் இந்தியா’ திட்டத்தில் பட்டதாரிகள் 13 மாதம் கிராமப்புறத்தில் தங்கி ஒரு தொண்டு நிறுவனத்தோடு வேலை செய்யலாம். கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு மாதம் உட்கார்ந்தவருக்குத் தம்மைப் பற்றித் தெரியவரும் செய்தியை 120 கூற்றுகளால் தர இயலாது.

ஆகவே வாங்க நினைப்பவர்களுக்கு: கட்டணச் சேவையை, அது தன் அளவுகோலின் மூலத்தையும் ஒப்பீட்டுக் கூட்டத்தையும் எழுத்தில் தராத வரை, எந்த விலைக்கும் பரிந்துரைக்க மாட்டேன். குறிப்பாக, வேலைவாய்ப்பு அலுவலருக்குப் போகும் தொகுப்புப் பட்டியலைக் கல்லூரிகள் வாங்கவே கூடாது. மாணவரின் மனக்கலக்க மதிப்பெண் அவருக்கு மட்டுமே உரியது, அது அலுவலகக் கணினியில் கிடக்க வேண்டிய பொருள் அல்ல. ஐபிஐபி-நியோவைத் தாராளமாக எழுதலாம். உண்மைப் பெயர் தர வேண்டிய தேவை இல்லை, புனைபெயர் போதும். விடையறிக்கை திரையில் வந்தவுடன் சேமித்துக்கொள்வது நல்லது. தேர்வுக் காலத்திலும் வளாக நேர்காணலில் பெயர் வராத வாரத்திலும் எழுத வேண்டாம். கவலைப்படுகிறேன், எளிதில் கோபப்படுகிறேன் போன்ற கூற்றுகளுக்கு அந்த வாரம்தான் விடை எழுதும், நீங்கள் அல்ல. ஆங்கிலத்தில் தயக்கம் உள்ளவர்கள் ஆசிரியர் ஒருவரையோ நண்பரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கூற்றின் பொருளைக் கேட்டறியலாம். விடையை மட்டும் அவர் பார்க்கக் கூடாது.

எங்கள் துறையைப் பொறுத்தவரை, கட்டணச் சேவையின் ஒப்பந்தத்தை இவ்வாண்டு புதுப்பிக்க வேண்டாம் என்றும், அந்தத் தொகையை மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்பிலும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிலும் இரண்டு வாரம் தங்கிப் பணியாற்றும் மாணவர்களின் பயணச் செலவுக்கு ஒதுக்கலாம் என்றும் துறைக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் குழுவின் பட்டியலில், சிவப்பு நிறம் பெற்ற அந்த மாணவியின் பெயரும் இருக்கிறது; கூட்டமைப்பின் கணக்குப் பிரிவுக்கு அவரையே அனுப்பும்படி கேட்டிருக்கிறேன்.